யார் வீட்டுத் திண்ணை?

2025 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்தருவிக்குப் போகிற சாலையோரம் ஒரு டீக்கடையில் நாங்கள் 7 பேர் கூடினோம். சீசன் கூட்டம் வடிந்து, குற்றாலம் ஊர்க்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்திருந்த நாள். கூடியது புதிய கவிதைகள் வாசிப்பதற்கு. ஒரு கவிதைகூட வாசிக்கப்படவில்லை. இரண்டரை மணி நேரம் பேசப்பட்ட விஷயம் ஒன்றே: இந்தப் பத்திரிகையைச் சுற்றியுள்ள 43 பேர் 8 வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கும் வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டு 'அரட்டை' செயலிக்குக் குடிபெயர்வதா, அல்லது இருந்த இடத்திலேயே இருப்பதா.

என்னிடமும் அபிப்ராயம் கேட்டார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி டீ குடித்தேன். அது யோசனை அல்ல, கோழைத்தனம் என்று அன்று இரவே பட்டது. ஆகவே எழுதுகிறேன். நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். கோபத்தைத் தாளில் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். குழுவில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போக வேண்டாம். ஏன் என்பது பின்னால் வரும்.

1

முதலில் விஷயம் இன்னதென்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்று ஒரு கிராமம். ஜோஹோ நிறுவனம் அங்கே ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. 1996இல் தொடங்கிய நிறுவனம்; வெளியார் மூலதனம் வாங்காமல் வளர்ந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019இல் இந்தப் பக்கம் வந்து குடியேறினார். பட்டம் இல்லாத பையன்களையும் பெண்களையும் எடுத்துப் பயிற்றுவித்து வேலை கொடுக்கும் பள்ளிகளை நிறுவனம் நடத்துகிறது. எங்கள் தெருக்களிலிருந்து அப்படிப் போனவர்கள் உண்டு. இதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. பி.ஏ. முடித்தால் சென்னைக்கு ரயில் ஏறு என்பதே விதியாக இருந்த ஊரில் இது சிறிய காரியமல்ல.

அந்த நிறுவனம் 2021இல் 'அரட்டை' என்ற உரையாடல் செயலியை வெளியிட்டது. நாலு வருஷம் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2025 செப்டம்பர் கடைசியில் மத்திய அமைச்சர்கள் சிலர் சுதேசிப் பொருள்களை ஆதரிக்கச் சொல்லி அதன் பெயரை எடுத்தார்கள். நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் நாளொன்றுக்கு 3.5 லட்சம் பேர் சேர்ந்ததாக வேம்பு அறிவித்தார். தில்லியிலும் பாட்னாவிலும் உள்ளவர்கள் ஒரு தமிழ்ச் சொல்லை வாயில் நுழையாமல் உச்சரித்துப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் மார்பு கொஞ்சம் விரிந்தது. அந்த விரிவுதான் டீக்கடை வரை வந்து சேர்ந்தது.

2

டீக்கடையில் மூன்று கட்சிகள் உருவாயின. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கட்சி ஊர் அபிமானம். "அண்ணாச்சி, நம்ம ஊர்ச் சரக்கு. நாமளே எடுக்கலேன்னா வேற எவன் எடுப்பான்?" என்றார் ஒரு நண்பர். நல்ல கவிஞர். அவர் கவிதைகளில் ஊர் வரும். ஊர் அபிமானம் வராது. கவிதையில் வடிகட்டி வெளியே நிறுத்தியதை டீக்கடைக்குள் ஏன் விட்டார் என்று தெரியவில்லை.

இதே தர்க்கத்தை இலக்கியத்தில் நாம் ஏற்றுக்கொண்டோமா? நம்மூர்க்காரர் எழுதியது, ஆகவே நல்ல நாவல் என்று எவராவது சொன்னால் இந்தப் பத்திரிகை அவரைச் சும்மா விட்டதுண்டா? திருநெல்வேலிச் சீமையின் எழுத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசியதெல்லாம், அந்த எழுத்து சீமையைத் தாண்டியும் நின்றதால்தான். தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன் என்பது எவனுக்கும் தகுதிச் சான்று ஆனதில்லை.

பெயர் தமிழ்ப் பெயர் என்பது இன்னொரு வாதம். அரட்டை என்ற சொல் எனக்கும் பிடித்தமானது. அதில் சந்தைச் சத்தமும் திண்ணைச் சோம்பலும் இருக்கின்றன. ஆனால் பெயர்ப்பலகையில் தமிழ் இருந்தால் போதும் என்றிருந்தால், வணிகப் பத்திரிகைகளை எதிர்த்துச் சிறுபத்திரிகை என்று ஒன்று தோன்றியே இருக்க வேண்டாம். அவற்றுக்கும் தமிழில்தான் பெயர்.

சுதேசியை நம்பி மோசம்போன அனுபவமும் சமீபத்தியதுதான். 'கூ' என்றொரு தளம், ட்விட்டருக்குச் சுதேசி மாற்று என்று 2020இல் கொண்டாடப்பட்டது. மத்திய அரசின் தற்சார்புச் செயலிப் போட்டியில் பரிசு வாங்கியது. அமைச்சர்கள் அதில் கணக்குத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் மூடினார்கள். வேறொரு உள்நாட்டு உரையாடல் செயலியான ஹைக் 2021 ஜனவரியிலேயே போய்விட்டது. அமைச்சர்கள் எழுப்பிய அலையில் ஏறி வருகிறவர்கள் அலை இறங்கும்போதும் கூடவே இறங்கிவிடுகிறார்கள். எந்தப் பொருளுக்கும் அதைப் பயன்படுத்துகிறவனின் அன்றாடத் தேவைதான் காவல். மேடைப் பேச்சு காவல் இல்லை.

3

இரண்டாவது கட்சி சந்தேகக் கட்சி. எங்களில் அதிகம் படித்தவர்கள் இதில் இருந்தார்கள். இவர்கள் சொன்னது: அரட்டையின் பின்னால் உள்ளவர்கள் மத்திய ஆட்சிக்கு நெருக்கமானவர்கள், நிறுவனர் 2021இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் நியமிக்கப்பட்டவர், மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல்கள் ஜோஹோவின் மேடைக்கு மாற்றப்பட்டிருக்கின்றன, 2025 அக்டோபரில் உள்துறை அமைச்சரே தம் மின்னஞ்சலை அங்கே மாற்றிக்கொண்டதாக அறிவித்தார், ஆகவே எழுத்தாளன் அங்கே போய் வாய் திறக்கலாமா?

இந்தத் தகவல்கள் சரி. இவை எழுப்பும் கவலையும் சரி. இதோடு ஒரு தொழில்நுட்ப விஷயமும் சேர்கிறது. முனைக்கு முனை மறையாக்கம் என்பது, அனுப்புகிறவன் கருவியில் பூட்டிய செய்தி பெறுகிறவன் கருவியில் மட்டுமே திறக்கும் ஏற்பாடு. நடுவில் சுமந்து செல்கிற நிறுவனத்திடம் சாவி கிடையாது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இதை எல்லாச் செய்திகளுக்கும் கொண்டுவந்தது. அரட்டையிலோ, நாங்கள் டீக்கடையில் பேசிய அந்த வாரம் வரை, குரல் அழைப்புக்கும் காட்சி அழைப்புக்கும் மட்டுமே இது இருந்தது. எழுதிய செய்திக்கு இல்லை. அதைச் சேர்க்கும் வேலை அந்த ஆண்டு முடிவதற்குள் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். பூட்டு இல்லாத வீட்டுக்கு 3.5 லட்சம் பேர் தினசரி குடிவந்ததில் தெரிவது வீட்டுக்காரனின் குற்றத்தைவிட, வந்தவர்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் என்பதுதான்.

ஆனால் இந்தக் கட்சியோடு எனக்குள்ள சண்டை வேறு. அங்கே போகக் கூடாது என்று சொன்னதும், இங்கே இருப்பது ஏதோ தார்மீக நிலைப்பாடு ஆகிவிட்டதாக இவர்கள் பாவிக்கிறார்கள். இங்கே என்பது எது? 2009இல் இரண்டு பேர் தொடங்கி, 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் கொடுத்து வாங்கிய சொத்து. அந்த இருவரும் பிற்பாடு வெளியேறிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன், ஃபேஸ்புக் கணக்கை அழித்துவிடுங்கள் என்று 2018இல் பகிரங்கமாகச் சொன்னவர். வீட்டைக் கட்டியவனே வாங்கினவனை நம்பாதே என்கிறான். நாம் எட்டு வருஷமாக வாடகையில்லாமல் குடியிருந்துகொண்டு, எதிர்வீட்டுக்காரனின் குணநலனை ஆராய்கிறோம்.

வாடகையில்லாமல் என்பதும் பிரமை. செய்தியின் உள்ளடக்கம் பூட்டியிருக்கிறது, நிஜம். யார் யாரிடம் எப்போது எத்தனை தடவை பேசினார்கள் என்பது பூட்டுக்கு வெளியே கிடக்கிற விஷயம். 2021 ஜனவரியில், தாய் நிறுவனத்தோடு தகவல் பகிர்வதை ஒப்புக்கொண்டால்தான் தொடரலாம் என்ற தோரணையில் புதிய விதிகளை நீட்டினார்கள். அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2025இல் செயலிக்குள் விளம்பரமும் வந்துவிட்டது. மண்டபம் யாருடையதோ, கல்யாணக் கணக்குப் புத்தகமும் அவனிடம்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. வெளியேறுவதா வேண்டாமா என்று நாம் ஞாயிற்றுக்கிழமையை வீணடிக்கிறோம். 2024 ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் தரப்பு வழக்கறிஞர் சொன்னது என்ன? மறையாக்கத்தை உடைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் வாட்ஸ்அப் இந்தியாவிலிருந்து போய்விடும் என்பது. அந்த வழக்கில் என் அனுதாபம் வாட்ஸ்அப் பக்கம்தான். ஆனாலும் கவனியுங்கள். போவதா இருப்பதா என்ற கேள்வியை அவர்களும் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் போனால் நம் எட்டு வருஷம் என்னவாகும் என்பது அவர்கள் கவலையில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது நம் கவலை. நாம்தான் அதைக் கவலையாக எடுத்துக்கொண்டதே கிடையாது.

4

மூன்றாவது கட்சி மிகவும் அபாயமானது, ஏனெனில் அது நியாயமாகத் தொனிக்கிறது. "இது வெறும் கருவி அண்ணாச்சி. பேனா எந்தக் கம்பெனி என்று பார்த்தா கவிதை எழுதுகிறோம்? எல்லாரும் எங்கே இருக்கிறார்களோ அங்கே இருப்போம்."

பேனா உதாரணம் தப்பு. பேனாவை மாற்றினால் பழைய பேனாவில் எழுதியவை அழிந்துபோவதில்லை. பேனாக் கம்பெனி திவாலானால் நோட்டுப் புத்தகம் வெள்ளைத்தாளாகிவிடுவதில்லை. நாம் இப்போது கையில் வைத்திருக்கும் பேனாவோடு தாளும், தபால்காரனும், பெட்டியும், பெட்டிச் சாவியும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றை விட்டால் எல்லாவற்றையும் விட வேண்டும்.

இது யூகம் இல்லை. தமிழில் ஏற்கெனவே நடந்தது. 2000த்தை ஒட்டிய வருஷங்களில் இலக்கியம் பேசிய யாஹூ குழுமங்கள் இருந்தன: ராயர் காப்பி கிளப், மரத்தடி. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்தவர்கள் இரவு பகலாக எழுதினார்கள். யாஹூ நிறுவனம் அந்தக் குழுமங்களின் கிடங்கைத் துடைத்துவிட்டு 2020 டிசம்பரில் சேவையையே நிறுத்தியது. முன்கூட்டி எடுத்து வைத்தவர்களிடம் எடுத்து வைத்தது மிச்சம். ஆர்குட் 2014 செப்டம்பரோடு முடிந்தது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலோடு. இவை எவையும் சின்னக் கம்பெனிகள் இல்லை. பணம் இல்லாமல் மூடியவையும் இல்லை. லாபக் கணக்கில் ஒரு வரி குறைந்தது, அவ்வளவே.

அதற்கும் முன்னால் எழுத்துருக் குழப்பம் என்று ஒன்று இருந்ததைப் பழைய நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு தமிழ் எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியேற்றம். ஒருவர் தட்டச்சு செய்த கதை இன்னொருவர் கணினியில் லத்தீன் எழுத்துக் குப்பையாகத் திறக்கும். யூனிகோட் தரத்தில் தமிழுக்கு 1991லேயே இடம் இருந்தும், தமிழ்நாடு அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்க 2010 ஜூன், கோவை செம்மொழி மாநாடு வரை ஆயிற்று. இன்று எந்தத் தொலைபேசியிலும் எவர் அனுப்பிய தமிழும் தமிழாகவே தெரிகிறது. ஏதோ ஓர் எழுத்துரு மற்றவற்றை விற்பனையில் தோற்கடித்ததால் வந்த நன்மையா இது? இல்லை. எல்லாரும் பொதுவான ஒரு விதிக்குக் கட்டுப்பட்டதால் வந்தது. இந்தப் பாடம்தான் இங்கே தேவைப்படுகிறது.

5

ஆக, அரட்டையா வாட்ஸ்அப்பா என்ற கேள்வியே பிழையாகக் கேட்கப்பட்ட கேள்வி என்பது என் கட்சி. இரண்டும் மதில் கட்டிய வளவுகள். ஒரு வளவில் நின்று பேசுவது மற்ற வளவில் கேட்காது. கேள்வி, மதில் ஏன் இருக்க வேண்டும் என்பது.

அன்று டீக்கு நான்தான் பணம் கொடுத்தேன். கடையில் ஒட்டியிருந்த சதுரப் படம் ஒரு கம்பெனியுடையது. என் தொலைபேசியில் இருந்த செயலி வேறு கம்பெனியுடையது. என் வங்கி ஒன்று, கடைக்காரர் வங்கி இன்னொன்று. பணம் போய்ச் சேர்ந்தது. 2016இல் வந்த யுபிஐ ஏற்பாட்டின் விதி அது: எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் பணம் போக வேண்டும். மின்னஞ்சலும் அப்படித்தான். எவனிடம் பெட்டி வைத்திருந்தாலும் எவனுக்கும் அனுப்பலாம். தொலைபேசி எண்ணைக் கூட 2011 முதல் கம்பெனி மாறினாலும் நாமே வைத்துக்கொள்ளலாம். கம்பெனிகள் கருணையால் கொடுத்ததல்ல அது. ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயப்படுத்தி வாங்கிக் கொடுத்தது. பத்து இலக்க எண்ணுக்கு இருக்கிற உரிமை, அந்த எண்ணில் நாம் பேசின பேச்சுக்கு இல்லை. வாட்ஸ்அப்பிலேயே ஆண்ட்ராய்டு தொலைபேசியிலிருந்து ஐபோனுக்குப் பழைய உரையாடலை எடுத்துப் போக 2022 வரை முறையான வழி கிடையாது. ஒரே கம்பெனியின் சரக்கை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றவே பதின்மூன்று வருஷம் என்றால், வேறு கம்பெனிக்கு எடுத்துப் போவது எந்த ஜன்மத்தில்?

உரையாடல் செயலிகள் யுபிஐயையும் மின்னஞ்சலையும் போல ஒன்றோடொன்று பேச வேண்டும், தாம் ஏகபோகம் ஆக விரும்பவில்லை என்று வேம்பு அந்தச் சமயத்தில் சொன்னார். நல்ல பேச்சு. ஆனால் சந்தையில் பின்னால் நிற்பவர் எப்போதும் மதில் இடிக்கத்தான் சொல்வார். முன்னால் போன பிறகும் அதையே சொல்கிறாரா என்பதுதான் பரீட்சை. ஐரோப்பாவில் சட்டம் போட்டு வாட்ஸ்அப்பின் கதவைத் தட்டினார்கள். அங்கேயும் முதல் சில சிறு சேவைகளுக்குக் கதவைத் திறக்க 2025 இறுதி ஆகிவிட்டது. சட்டம் இல்லாத இடத்தில் எவர் வாக்கையும் நம்பி மூட்டை கட்ட வேண்டாம்.

லாப நோக்கமற்ற அமைப்பின் கையில் உள்ள சிக்னலுக்குப் போகலாமே என்று ஒரு நண்பர் மெல்லிய குரலில் சொன்னார். நான் கேட்ட யோசனைகளில் அது சுத்தமானது. ஆனால் அதுவும் ஒரு வளவுதான். காவல்காரன் நல்லவன், அவ்வளவு வித்தியாசம்.

6

இதுவரை எழுதியது பொது விவகாரம். இனி எழுதப்போவது நம்மைப் பற்றி. உண்மையில் கோபம் வர வேண்டியது இங்கேதான்.

குற்றாலத்தில் உட்கார்ந்து பேசியவர்களில் நாம் முதல் தலைமுறை இல்லை. ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் தம் வீட்டு வட்டத் தொட்டியில் ஆள் கூட்டிப் பேசினார். பிறகு குற்றாலத்துக்கு வந்தும் 1954இல் இறக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார். கல்கி வந்தார், ராஜாஜி வந்தார், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் வந்தார். அவருடைய ரசனை முறையோடு நமக்கு ஒத்துப்போகாது. பாட்டில் எது கம்பனுடையது, எது இடைச்செருகல் என்று தம் காதை நம்பி அவர் தீர்மானித்ததை நவீன விமர்சனம் ஏற்காது. அது கிடக்கட்டும். அந்தப் பேச்சு என்னவாயிற்று? காற்றோடு போயிற்று. மிஞ்சியது அவர் எழுதிய கடிதங்கள். ஏன் மிஞ்சின? பெற்றவர்கள் வீட்டில் கிடந்தன. ஒரு பெட்டியில் கரையான் அரித்தாலும் இன்னொரு பெட்டியில் இருந்தன.

கு. அழகிரிசாமியின் கடிதங்கள் இன்று நூலாகக் கையில் கிடைக்கின்றன என்றால், காரணம் கி. ராஜநாராயணன் அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததுதான். அழகிரிசாமி 1970இல் போய்விட்டார். எந்தக் கம்பெனியும் இடைசெவலுக்கு வந்து, சேவை நிறுத்தப்படுகிறது, பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க முடியாது. கடிதம் போய்ச் சேர்ந்த கணத்தில் தபால்காரனுக்கு அதன்மேல் பாத்தியதை முடிந்துவிடுகிறது. அதற்காகத் தபால் இலாகாவைக் கும்பிடச் சொல்லவில்லை. புத்தகம் அனுப்ப நமக்கிருந்த மலிவான பதிவு நூல் அஞ்சலை 2024 டிசம்பரில் அவர்களும் நிறுத்தினார்கள். இந்தப் பத்திரிகைக்கு அதனால் விழுந்த அடி ஆசிரியருக்குத் தெரியும். ஆனால் நிறுத்தின அன்றைக்கு, அதுவரை வந்த பிரதிகள் நம் அலமாரியிலிருந்து மறையவில்லை. வித்தியாசம் இதுதான்.

இப்போது நம் யோக்யதையைப் பார்ப்போம். இந்தப் பத்திரிகையின் கடைசி நாலு இதழ்களை எடுத்து வையுங்கள். வாசகர் கடிதம் எத்தனை? இரண்டு. இரண்டும் 70 வயதைத் தாண்டியவர்கள் எழுதியவை. அதே இதழ்கள் வந்தபோது குழுவில் நடந்தது என்ன? ஒரு கவிதைக்கு 19 கட்டைவிரல்கள், 7 கைகூப்பல்கள், ஒரு தீ ஜுவாலை. ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டும் இரவு பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை நிஜமான சண்டை. மூலத்தின் தொனி, வினைமுற்று, எல்லாம் வந்தது. நல்ல சண்டை. மறுநாள் காலையில் யாரோ பிறந்தநாள் வாழ்த்துப் போட்டார்கள். அதற்கு 30 பேர் வாழ்த்து. சண்டை மேலே போய்விட்டது. அந்த மொழிபெயர்ப்பாளர் இன்று நூல் வெளியிடுகிறார், அதே தவறுகளோடு. அவரைத் திருத்தியிருக்கக்கூடிய ஒரே விமர்சனம் 43 தொலைபேசிகளுக்குள் புதைந்திருக்கிறது.

விமர்சனம் என்றால் பெயர் போட்டு, தேதி போட்டு, பிறகு மறுக்க முடியாதபடி எழுதி வைப்பது. 'இச்செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரியை விட்டுவிட்டு ஒளிந்துகொள்ள வழியிருக்கிற இடத்தில் விமர்சனம் நடக்காது, நடப்பது அரட்டைதான். அந்தச் செயலிக்குப் பெயர் வைத்தவர்கள் நம்மைவிட நேர்மையானவர்கள். உள்ளே நடக்கப்போவது இன்னது என்று வாசலிலேயே எழுதிவிட்டார்கள். நாம் எட்டு வருஷமாக அதையே செய்துகொண்டு இலக்கிய விவாதம் என்று பெயர் சொல்லிக்கொள்கிறோம்.

7

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு கல்வெட்டில் சொல்லி வைத்திருக்கிற விஷயம் இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காக்கப்போகிறவர் யாரானாலும் சரி, அவரை இப்போதே பணிகிறேன் என்று. 15ஆம் நூற்றாண்டு ராஜா அவன். தன் கட்டடம் சிதையும் என்று தெரிந்திருந்தது. சிதையவும் செய்தது. கோபுரம் அழிந்து மொட்டையாக நின்ற வாசலைத்தான் என் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். 1990இல்தான் புதுக்கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. கட்டுகிறவனுக்கு இருக்க வேண்டிய பணிவு அது. பின்னால் வருகிறவன் காலில் முன்கூட்டியே விழுவது. இன்றைக்குத் தளம் கட்டுகிற எவருடைய ஒப்பந்தத்திலும் அந்த வரி கிடையாது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நிறுத்தலாம், பொறுப்பல்ல என்ற வரிகள்தான் இருக்கின்றன. நாம் படிக்காமல் சம்மதம் கொடுத்த வரிகள்.

8

எனக்கு இந்த விஷயத்தில் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டுக் கொள்கை பேசுவது நாணயமாகாது.

நம் குழுவில் ஒரு நண்பர் இருந்தார். பெயர் சொல்ல வேண்டியதில்லை. 43 பேருக்கும் தெரியும். கடைசி ஐந்து வருஷம் அவர் தாளில் ஒரு வரி எழுதவில்லை. கை நடுக்கம். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, வந்த இதழைப் படித்து, தொலைபேசியில் பேசிப் பதிவு செய்து எனக்கு அனுப்புவார். சிலது நாலு நிமிஷம், சிலது இருபது. பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்கும். சாரல் காலத்தில் தகரத்தில் மழை. "என்னவே, இந்தக் கவிதையில கடைசி ரெண்டு வரி எதுக்கு? மேலேயே முடிஞ்சு போச்சுல்லா" என்று தொடங்குவார். தமிழில் அந்த ஐந்து வருஷத்தில் செய்யப்பட்ட கவிதை விமர்சனத்தில் இதற்கு இணையாக அச்சில் நான் எதையும் பார்க்கவில்லை. 2023 மார்கழியில் இறந்துபோனார். என் தொலைபேசியில் அவர் குரல் 61 துண்டுகளாக இருக்கிறது.

டீக்கடையில் நான் வாய் திறக்காததன் காரணம் இதுதான். குழு எங்கே போனாலும் இந்த 61 துண்டுகளும் கூட வராது. ஆகவே இருக்கிற இடத்திலேயே இருப்போம் என்று சொல்ல வாய் வந்தது. அப்புறம் யோசித்தேன். இருந்தால் மட்டும்? இந்தத் தொலைபேசி அருவிக்கரையில் வழுக்கி விழுந்தால்? என் பிள்ளைகள் என் காலத்துக்குப் பிறகு இதைத் திறப்பார்களா? பூட்டியிருப்பது நல்லது என்று மேலே நானே எழுதினேன். பூட்டின் இன்னொரு பக்கம் இது: சாவிக்காரன் செத்தால் பெட்டியும் செத்தது. இரண்டு வருஷமாக அவர் குரலைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அதைப் புதைத்து வைத்திருந்தேன் என்பதே நிஜம்.

ஆகவே என் முடிவு. குழு இருக்கிற இடத்தில் இருக்கட்டும். அரட்டைக்குப் போக விரும்புகிறவர்கள் அங்கேயும் ஒன்று வைத்துக்கொள்ளட்டும். பேருந்து எத்தனை மணிக்கு, யாருக்குக் காய்ச்சல், எந்தக் கடையில் சந்திப்பு, இவற்றுக்கு எந்தத் திண்ணையும் போதும். ஆனால் பிறகும் படிக்கப்பட வேண்டிய ஒரு வாக்கியத்தைக்கூட நான் இனி இரண்டில் எதிலும் எழுதப்போவதில்லை. அதை இங்கே எழுதுவேன், அச்சில், பெயரோடு. மற்ற 42 பேரும் இதையே செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். செய்யாவிட்டால் இந்தப் பத்திரிகைக்குக் கவிதைகள் வந்துகொண்டிருக்கும், அவற்றைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே அது ஒருநாள் நின்றுபோகும். எந்தக் கம்பெனியும் அதை மூடியிருக்காது. நாம்தான் மூடியிருப்போம்.

ஜனவரியில் ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு வாங்கினேன். நண்பரின் மனைவியிடம் சம்மதம் கேட்டேன். "அவுஹ திட்டினதையும் சேர்த்துப் போடணும்" என்றார். அவர் திட்டியவர்களில் நானும் உண்டு, சேர்த்துத்தான் எழுதுகிறேன். இரவில் ஒரு காதில் அவர் குரல், கையில் பேனா. நிறுத்தி, திருப்பிப் போட்டு, மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. நாலு நிமிஷப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. 17 முடிந்திருக்கின்றன. இன்னும் 44. அடுத்த இதழுக்கு மூன்று தர முடியும். ஆசிரியர் இடம் ஒதுக்கட்டும்.